பழுப்பு வளையம்

“எம்மேல அவளுக்கு என்ன கோபம், டீச்சர்? அது இந்தப் படத்துல இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

கேட்டவர் ஆவுடையப்பன், வயது அறுபத்தாறு. ஓவியம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் நாச்சியாருக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

அவர் மகள் செண்பகம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்திய ஒரு வருஷம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது. அவள் வரைந்து விட்டுப்போனது இந்த ஒரு படம்தான்.

அதைப் புரிந்துகொள்ளத்தான் நாச்சியாரிடம் சேர்ந்தார். அங்கே ஒரு வழக்கம். இரண்டு வருஷத்துக்கு யாரும் அர்த்தம் சொல்லக் கூடாது, கண்ணில் பட்டதை மட்டும்தான் சொல்ல வேண்டும். சொந்தப் படத்தைக் கொண்டுவருவது அதற்கப்புறம்தான். இவர் சும்மா இருப்பாரா? வீட்டில் உட்கார்ந்து மூன்று நோட்டு நிறைய அர்த்தம் எழுதித் தள்ளியிருந்தார். இரண்டு வருஷம் முடிந்த அன்றைக்கே படத்தோடு வந்துவிட்டார்.

கடலுக்கடியில் ஒரு வீடு. கூரையைப் பிளந்துகொண்டு ஒரு மரம், அதில் இலைக்குப் பதில் குடைகள். வாசலில் செருப்புப் போட்ட மீன். மேலே வானத்தில் ஒரு பழுப்பு வளையம்.

வீடு அவள் மனசு என்றார். மீன் அவளேதான் என்றார். வளையத்துக்கு வந்ததும் அதன்மேல் விரலை வைத்தார்.

“கிரகணம் பிடிச்ச சூரியன். அது நான்தான். ஆனா பாருங்க, வட்டத்தை முழுசா மூடலை. ஒரு விரக்கடை விட்டிருக்கா. என்னை மன்னிக்கிறதுக்குத்தான் அந்த இடம்.”

பாவம், அந்த ஒரு விரற்கடையில்தான் அவர் உயிரே இருந்தது.

நாச்சியார் படத்தை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். வீட்டிலும் மரத்திலும் தூரிகை ஓடிய தடம் தெரிந்தது. வளையத்தில் தடமே இல்லை.

உள்ளே போய் ஒரு காபி டம்ளரை எடுத்துவந்து வளையத்தின்மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

டம்ளரைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. தரையில் உட்கார்ந்து சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் ஏதோ காய்ந்துகொண்டிருந்ததாம். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். காபி டம்ளரை எதன்மேல் வைக்கிறோம் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லையாம். அவள் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

“அப்போ அவ எங்க இருந்தா?”

“எதிர்லதான் நின்னா.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு, டம்ளரை எடுத்துட்டுப் போய்க் கழுவி வெச்சா.”