புத்துக்குப் பக்கத்துக் காளான்

“சாமி, குழம்பு வைக்கட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

கொம்பையா நனஞ்ச துண்ட அவுத்து குருவுக்கு முன்னாடி விரிச்சான். உள்ள ஏழெட்டு காளான். காட்டுக்குள்ள பறிச்சது.

ஆத்துல வெள்ளம். ஊருக்குப் போக வழி இல்ல. குடில்ல அரிசி தீந்துபோச்சு. மிச்சம் இருந்தது சாமி குடிக்கன்னு மூடி வச்ச ஒரு கிண்ணம் கஞ்சி.

கொம்பையா சீடனா வர்றதுக்கு முன்னாடி ஓட்டல்ல சமையல் பண்ற சரக்கு மாஸ்டர். எதத் துறந்தாலும் பசியத் துறக்க முடியல. நேத்துலேருந்து பட்டினி வேற.

“என்ன காளான்?”ன்னாரு சாமி.

“புத்துக்காளான். சந்தேகமே இல்ல.”

“புத்துல இருந்துச்சா?”

“புத்துக்குப் பக்கத்துல.”

“எவ்ளோ பக்கத்துல?”

“அங்கேருந்து பாத்தா புத்து தெரியும் சாமி.”

சாமி ஒண்ண எடுத்துத் திருப்பினாரு.

“அடிப்பக்கம் பச்சையா இருக்கே?”

“பாசி ஒட்டியிருக்கும். மழையில்ல?”

“காம்புல வளையம் இருக்கே?”

“தோலு உரிஞ்சு சுருண்டிருக்கும்.”

“இந்த நாத்தம்?”

“அது என் துண்டு சாமி.”

சாமி சிரிக்கல.

“புத்துக்காளானுக்கு என்ன அடையாளம் சொன்னேன்?”

“புத்துல மொளைக்கணும். அடி வெள்ளையா இருக்கணும். காம்புல வளையம் இருக்கக் கூடாது.”

“இதுல எது சரியா இருக்கு?”

கொம்பையா ரொம்ப நேரம் பாத்தான்.

“கொடை மாதிரி இருக்கு சாமி.”

சாமி எந்திரிச்சுப் போயி கஞ்சிக் கிண்ணத்த எடுத்தாந்து அவன் முன்னாடி வச்சாரு.

“குடி.”

“ஐயோ, இது உங்களுக்கு...”

“குடிடான்னேன்.”

குடிச்சான். முதல் மடக்கு வெக்கத்தோட. மத்ததெல்லாம் வேகமா. கிண்ணத்த விரலால வழிச்சு நக்குனான். ஏப்பம் வந்துச்சு, வாயப் பொத்திக்கிட்டான்.

“இப்பப் பாரு.”

கொம்பையா ஒரு காளான எடுத்தான். திருப்பினான். பச்சைய நகத்தால சொரண்டுனான், போகல. வளையத்த இழுத்தான். துண்ட மோந்து பாத்தான். அப்புறம் காளான மோந்தான்.

கீழ வச்சுட்டு கைய வேட்டியில தொடச்சான்.

“சாமி, இது புத்துக்காளானே இல்ல! இதத் தின்னிருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம். இதப் போயி எவன் புத்துக்காளான்னான்?”

சாமி வெறும் கிண்ணத்தப் பாத்தாரு. அப்புறம் காளானப் பாத்தாரு. கொஞ்சம் கிட்டக்க குனிஞ்சு பாத்தாரு.

“சீக்கிரம் கொண்டுபோயி ஆத்துல எறிஞ்சுட்டு வா. எனக்கு அடிப்பக்கம் வெள்ளையாத் தெரிய ஆரம்பிக்குது.”