பழைய நம்பர்

கொல்லிமலை மடத்தில் அருள்நம்பி சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. குரு பூங்கோதை அம்மையைவிட அவருக்குப் பத்து வயது அதிகம். அம்மை பேசுவதையெல்லாம் டேப்லெட்டில் பதிவுசெய்து வைப்பது அவர் வேலை. அம்மையோ ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லமாட்டார். கேட்டால், "அது போச்சு, வேற கேளுங்க" என்று சிரிப்பார். அதனால் நம்பி அந்த டேப்லெட்டைப் பச்சைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் குரங்கு ஒன்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் போட்டது. நொறுங்கிவிட்டது.

நம்பி கலங்கவில்லை.

"பேச்செல்லாம் கிளவுட்ல இருக்குங்க அம்மா. இங்க எது உடைஞ்சாலும் அங்க பத்திரம். புது டேப்ல என் கணக்கைத் திறந்தா அப்படியே வந்து இறங்கிடும்."

"ரொம்ப நல்லது."

"எதை வாங்கறதுன்னுதான் குழப்பம். ஒண்ணுல திரை பெரிசு. ஒண்ணுல சார்ஜ் நிக்குது. இன்னொண்ணு கையில எடையே தெரியல. நீங்க எதைச் சொல்றீங்க?"

"உடைஞ்சாலும் ஒண்ணும் போகாதுன்னீங்க. அப்புறம் உடையப்போறதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?"

அம்மை கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். நம்பியின் ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. மடத்துக்கு வந்தவர், போனவர் எல்லோரிடமும் கேட்டு, மண்டையைக் குடைந்து, கடைசியில் பெரிய திரையே வந்து சேர்ந்தது.

தொட்டதும் பளிச்சென்று எரிந்தது. எடுத்த எடுப்பில் கடவுச்சொல் கேட்டது. நம்பி நினைவுக்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தார். எதையும் அது ஏற்கவில்லை. உங்கள் போனுக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்றது.

நம்பியிடம் போனே இல்லை. துறவுக்கு வந்தபோது பெயரோடு போனையும் துறந்தவர் அவர். ராசிபுரத்தில், தான் தூக்கி வளர்த்த தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் மேல் போனை வைத்துவிட்டு, சொன்னால் விடமாட்டாள் என்று சொல்லாமலே பஸ் ஏறியவர். அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூப்பிடாவிட்டால் நாலு வருஷப் பேச்சும் கைக்கு வராமல் போய்விடும்.

"அந்த நம்பர் எப்பவோ செத்திருக்கும்ங்க."

அம்மை தன் போனை நீட்டினார். "போட்டுப் பாருங்க."

நம்பி தன் பழைய நம்பரைத் தானே அழுத்தினார். மணி ஒலித்த வேகத்தில் எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க?"

"அருள்நம்பி பேசறேன்."

"அப்படி யாரையும் தெரியாதுங்களே."

"வடிவு... நான் பழனியப்பன். உன் அண்ணன்."

மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நம்பி கூப்பிட்ட வேலையைச் சொன்னார்.

"அந்த போனுக்கு ஒரு ஓடிபி வரும். படிச்சுச் சொல்றியா?"

"ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதேன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. எங்கண்ணன் என்னை என்னன்னு கூப்பிடும்? சொல்லுங்க பார்க்கலாம்."

நம்பி சுற்றிலும் பார்த்தார். சீடர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பூசணி," என்றார் மெல்ல.

"கேக்கல."

"பூசணி!"

மடமே சிரித்தது. வடிவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கை உறிஞ்சியபடி, வந்த எண்களைப் படித்தாள். நம்பி அவற்றை டேப்லெட்டில் அடித்தார்.

"இந்த நம்பர் எப்படி இன்னும்...?"

"மாசா மாசம் ரீசார்ஜ் பண்றேன். சார்ஜ் போட்டுப் பக்கத்துலயே வெச்சிருக்கேன். உனக்கு வேற எந்த நம்பர் ஞாபகம் இருக்கப்போகுது?"

நம்பி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டேப்லெட் திறந்துகொண்டது. அம்மையின் பேச்சுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. நம்பிக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டு டேப்லெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அம்மையிடம் ஓடிவந்தார்.

"எல்லாம் வந்துடுச்சுங்க அம்மா! ஒண்ணுகூடப் போகல. முதல்ல எதைக் கேக்கட்டும்?"

அம்மை எழுந்து போய், தரையில் கிடந்த போனை எடுத்து வந்து அவர் காதில் வைத்தார்.

"தங்கச்சி இன்னும் லைன்லதான் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க."