அப்பா கொண்டுவந்த மண்

மலைக்காட்டில் உயர்ந்த மரம் ஒன்றின் பொந்தில் ஒரு தாய் இருவாச்சிப் பறவையும் அதன் குஞ்சும் இருந்தன. பொந்தின் வாசலை மண்சுவர் அடைத்திருந்தது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருந்தது.

இது சிறையன்று, இருவாச்சிகளின் வழக்கம். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். ஆண் பறவை மண் கொண்டுவரும். பெண் பறவை உள்ளிருந்தே வாசலைப் பூசும். பிறகு சிறகின் இறகுகளை உதிர்த்துவிட்டு, புது இறகு முளைக்கும்வரை உட்கார்ந்திருக்கும். வேளாவேளைக்குச் சாப்பாடு கீறல் வழியே வரும். இவ்வளவு நம்பிக்கையோடு குடித்தனம் நடத்துகிற பிராணி வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பொந்தின் ஆண் இருவாச்சிக்கு ஒரு கெட்ட பழக்கம். அத்திப்பழத்தை நேராகக் கொடுக்காது. மேலே வீசி, அலகால் பிடித்து, அப்புறம்தான் நீட்டும்.

"வித்தை காட்டினது போதும்! பிள்ளை பசியில கத்துது!" என்று தாய் திட்டும்.

"பசியோட பார்த்தாத்தான் வித்தை நல்லா இருக்கும்!" என்று அது சொல்லும். குஞ்சு சிரிக்கும்.

ஒரு நாள் பெருங்காற்று அடித்தது. சாப்பாடு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மரங்கொத்திதான் வந்து கீறலருகே ஒட்டிக்கொண்டது.

"அக்கா..." என்றது. நாளெல்லாம் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிற பறவை அது. அது சும்மா இருந்ததிலேயே தாய்க்குப் புரிந்துவிட்டது.

"எங்கே?"

"ஆத்தோரம். பெரிய கிளை முறிஞ்சு மேல விழுந்திடுச்சு. தள்ளி நில்லுங்கக்கா. நான் சுவரை உடைக்கிறேன். நீங்க வெளியே வந்து இரை தேடணும்."

"தொடாதே! அது அவர் கொண்டுவந்த மண்!"

மரங்கொத்தி தொடவில்லை. தன்னால் முடிந்த புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தது. இருவாச்சிக் குஞ்சுக்கு அவை கடைவாய்க்குக்கூடப் போதவில்லை.

மாலையில் மரநாய் வந்தது. துக்கம் விசாரிப்பதில் அதற்கு நல்ல பயிற்சி. காட்டில் எங்கே சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பது அதுதான். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"தங்கச்சி! கேள்விப்பட்டதிலேருந்து மனசே ஆறலை!" என்று வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "மரங்கொத்தி சுவரை உடைக்கச் சொன்னானாமே? விவரம் கெட்ட பயல்! துணை போனா இருவாச்சியும் கூடவே போயிடும்னு ஊரே சொல்லுது. உங்க குலப்பெருமையே அதுதானே! நீ அசையாதே. காடே உன் பேரைச் சொல்லும்!"

ஊர் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் ஊரில் ஒருவரும் இருவாச்சியிடம் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

மரநாயின் யோசனை எளியது. அந்தப் பெரிய அலகு உள்ளே விழித்திருக்கும்வரை சுவரில் கைவைக்க முடியாது. பட்டினியில் அது ஓய்ந்துவிட்டால், நிதானமாகப் பிராண்டி உள்ளே போகலாம்.

தாய் சுவரில் தலையைச் சாய்த்துக் கிடந்தது.

"அம்மா, பசிக்குது."

"இதோ பார் கண்ணு, இந்த மேடு தெரியுதா? உங்கப்பா அவசரத்துல கூழாங்கல்லையும் சேர்த்துக் கொண்டுவந்துட்டார். அதை வச்சே பூசினேன். அதுக்கும் திட்டினேன்."

"அப்பா எதுக்கும்மா மண் கொண்டுவந்தார்?"

"உன்னை யாரும் கொன்னுடக் கூடாதுன்னுதான்."

"பசி கொன்னா மட்டும் பரவாயில்லையா?"

குஞ்சுகளுக்கு நயமாகப் பேசத் தெரியாது. தாய் நெடுநேரம் அழுதது. பிறகு எழுந்து நின்றது.

"ஓரமாப் போ!"

அலகால் ஓங்கிச் சுவரை அடித்தது. அடித்த ஒவ்வொரு அடிக்கும் அழுதது. அழுதாலும் அடிப்பதை நிறுத்தவில்லை. சுவர் பெயர்ந்து உள்ளே சரிந்தது. கூழாங்கல் உருண்டு விழுந்தது. குஞ்சு அதைக் காலால் பிடித்துக்கொண்டது.

"நான் போனதும் இதே மண்ணைக் குழைச்சு வாசலைத் திரும்பப் பூசு. கீறலை மட்டும் விட்டுடு."

"யாராவது வந்தா?"

"அலகை எதுக்கு வச்சிருக்கே?"

தாயின் புது இறகுகள் பாதிதான் வளர்ந்திருந்தன. முதல் பாய்ச்சலிலேயே ஒரு புதரில் போய் விழுந்தது. எழுந்தது. மறுபடி பறந்தது. மரங்கொத்தி கூடவே வந்தது.

"அந்தக் கிளை உளுத்துப்போச்சுக்கா, வேண்டாம்! இது தாங்கும், இதுல உட்காருங்க!"

இப்படியே கிளைக்குக் கிளை தாவி அத்திமரம் போய்ச் சேர்ந்தன.

இங்கே குஞ்சு மண்ணைக் குழைத்துப் பூசியது. எதை ஊற்றிக் குழைத்தது என்று கேட்காதீர்கள். பறவைகள் கிடைத்ததைக் கொண்டு வேலையை முடிப்பவை. பூச்சு காயுமுன்னே மரநாய் வந்து கீறலில் மூக்கை நுழைத்தது. உள்ளிருந்து ஒரு கொத்து!

"ஐயோ! மருமகனே, நான் துக்கம் விசாரிக்க வந்தேன்!"

"மூக்கை வெளியே வச்சுக்கிட்டு விசாரிங்க, மாமா!"

மரநாய் கீழே இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து மூக்கை நக்கிக்கொண்டது.

அப்போது தாய் திரும்பி வந்தது. வாசலருகே உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. ஏன் என்று அதற்கே தெரியவில்லை. பழத்தை மேலே வீசியது. பிடிக்க முடியவில்லை. பழம் நேரே போய் மரநாயின் தலையில் விழுந்தது. அன்றைக்கு மரநாய்க்குக் கிடைத்த சாப்பாடு அது ஒன்றுதான்.

குஞ்சு கீச்சென்று சிரித்தது. "அப்பா மாதிரியே பண்றியேம்மா! ஆனா அப்பா பிடிச்சிடுவார்!"

"நாளைக்கு நானும் பிடிப்பேன். இப்போ வாயைத் திற!" என்று தாய் அடுத்த பழத்தை எடுத்தது.

மறைந்தவர் பாதியில் விட்டுப்போன வேலையைத் தொடர்ந்து செய்பவரே அவரை மறவாதவர்.