மணிச்சட்டம் சொன்ன மழை

அந்தக் காலத்தில் ஏரிப்பாக்கம் என்னும் நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மனசில் ஓர் ஆசை வந்துவிட்டால் அவனுக்குக் காது கேட்காது. அந்த வருஷம் வந்த ஆசை, ததும்பும் ஏரியில் தெப்பம் விடவேண்டும் என்பது.

ஏரியோ ஏற்கெனவே கரையின் விளிம்பைத் தொட்டு நின்றது. கரைக்குக் கீழே பள்ளக்குடி. இன்னொரு பெருமழை வந்தால் கரை உடையும், ஊர் இருக்காது. மந்திரி தீத்தாரப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, மதகைத் திறந்து கொஞ்சம் நீரை விட்டுவிடுவோம்" என்றார்.

"விட்டால்? தெப்பத்தைச் சேற்றிலா இழுப்பது?"

இதற்கே காத்திருந்தவர்போல ஆஸ்தான பண்டிதர் சர்வோத்தமர் முன்னால் வந்தார். மந்திரியின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். கையில் ஒரு மரச்சட்டம், அதன் குறுக்கே கம்பிகள், கம்பிகளில் மணிகள். காற்றுக்கு ஒரு கம்பி, எறும்புக்கு ஒன்று, தவளைக்கு ஒன்று.

"பழைய மழைகளையெல்லாம் இதற்குப் பழக்கியிருக்கிறேன், பிரபு. எந்த வருஷத்தையும் கேளுங்கள், தப்பாது. தெப்பம் முடியும்வரை மழை இல்லை என்கிறது!"

சபையார் கேட்டுப் பார்த்தார்கள். பட்டத்து யானைக்கு மதம் பிடித்த வருஷம், ராணி புகுந்தகம் வந்த வருஷம், எல்லாம் அப்படியே ஒத்துவந்தன. ராஜா குளிர்ந்துபோனான்.

மந்திரி மட்டும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன கம்பி, பண்டிதரே?"

"அரண்மனைப் பூனை குட்டி போட்டதற்கு. ஒரு வருஷம் ஒத்துவரவில்லை, சேர்த்தேன். உடனே ஒத்துவந்தது!"

"என் மாமனார் ஊர் மழையையும் பழக்குவீரா?"

"தாராளமாக!"

"முதலில் பெய்தது. அப்புறம் பொய்த்தது, பொய்த்தது, பொய்த்தது. பிறகு பெய்தது. மறுபடி பொய்த்தது."

"அங்கே காக்கை எந்தப் பக்கம் கூடு கட்டியது?"

மந்திரி வாய்க்கு வந்ததைச் சொன்னார். பண்டிதர் மணிகளைத் தள்ளினார், ஒரு கம்பி சேர்த்தார், துள்ளினார். "கச்சிதம்! காக்கை தெற்கே கட்டினால் அந்த ஊரில் மழை பொய்க்கும்!"

தீத்தாரப்பர் ராஜாவைப் பார்த்தார். "மகாராஜா, இந்த வரிசையை எங்கோ பார்த்ததுபோல் இல்லை?"

ராஜா விரல் மடக்கினான். "அட! நேற்று ராணியோடு நான் ஆடிய தாயம்! முதல் ஆட்டம் என்னுடையது. அப்புறம் வரிசையாக மூன்று தோற்றேன்!"

"மத்தியஸ்தத்துக்கு அடியேனைத்தானே உட்காரவைத்தீர்கள்? தாங்கள் ஜெயித்ததை மழை என்றேன், தோற்றதை வறட்சி என்றேன். காக்கை என் கற்பனை."

"நான் தோற்றதற்குக் காக்கையா காரணம்?"

திரைக்குப் பின்னால் ராணி சிரித்த சிரிப்பில் சபையே சிரித்தது.

"எது நடந்ததென்று சொன்னாலும் அதற்கொரு காரணம் கட்டிவிடும் சட்டம் இது. நடக்கப்போவதை இதற்கு யார் சொல்வது?" என்றார் மந்திரி.

"அப்படியானால் நீர் சொல்லும். மழை வருமா?"

"உறுதியாகத் தெரியாது, மகாராஜா. வாடைக்காற்று முந்தி வீசிய வருஷங்களில் பாதிக்குமேல் கொட்டித் தீர்த்திருக்கிறது. இந்த வருஷமும் முந்திவிட்டது. என் பேச்சு தப்பினால் ஒரு தெப்பம் போகும். பண்டிதர் பேச்சு தப்பினால் பள்ளக்குடி போகும்."

ராஜா ஏரிப் பக்கம் ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தான். பிறகு, "திறங்கள் மதகை!" என்றான்.

நீர் வடிந்தது. சேற்றைப் பார்த்து ராஜா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தபோதே வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஏரி ஏறி, ஏறி, கரைவிளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. பள்ளக்குடி ஜனங்கள் பறையும் குலவையுமாக வந்து மந்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ராஜா தானே இறங்கிவந்து தன் முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சர்வோத்தமர் ஓடிவந்தார். "பிரபு, யானையின் தும்மலுக்கு ஒரு கம்பி சேர்த்தேன். இந்த மழையும் சரியாக வருகிறது!"

"பேஷ்!" என்றான் ராஜா. "மதகைத் திறக்க இனி மந்திரி என்னைக் கேட்கவேண்டாம். உமக்குப் பள்ளக்குடியில், கரையடியிலேயே வீடு. மழை இல்லை என்று அங்கே இருந்துகொண்டு சொல்லும்."

மறுவருஷம் முதல் மேகம் கறுத்ததுமே பண்டிதர் மூச்சிரைக்க மந்திரி வீட்டு வாசலில் நின்றார்.

"மந்திரியாரே, மதகைக் கொஞ்சம்..."

"மணிச்சட்டம் என்ன சொல்கிறது?"

"அதை விடுங்கள் ஐயா, வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்!"