வடகோட்டத்துக் கதவுகள்

முன்னொரு காலத்தில் போருக்கே போகாத ஓர் அரசன் இருந்தான். அக்கம்பக்கத்து மன்னர்களெல்லாம் தங்கள் வெற்றிகளைப் பாட வைத்துக் கேட்பதைப் பார்த்து அவனுக்கும் ஆசை பிறந்தது. பாடுவதற்கு வெற்றி வேண்டுமே! ஆகவே, தன் பாட்டனார் நிறுவிய வடகோட்டத்து வரிமண்டபத்தின் வரலாற்றைச் சபையில் கேட்க வேண்டும் என்றான். ஆசைக்கும் ஒரு விவஸ்தை வேண்டாமா?

வரிமண்டபத்துக்குத் தலைவர் வல்லபராயர். விகடகவி பூவணனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"மன்னர் பெருமானே, இப்பணிக்குப் பூவணனே தகுந்தவன். ஆனால் வரலாற்றில் பொய் கலக்கலாகாது. தங்கள் செவிக்குக் கசக்கும் சொல் ஒன்றும் வரலாகாது. இரண்டில் எது தவறினாலும் அவன் நாக்கை அறுக்க வேண்டும்."

"நல்ல பந்தயம்!" என்று அரசன் கைதட்டினான். அறுபடப்போவது அவன் நாக்கா என்ன?

பூவணன் வடகோட்டம் போனான். தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவே இல்லை. வரி பாக்கி என்றால் கதவைக் கழற்றிக்கொண்டு போவது அந்த மண்டபத்தின் வழக்கம். வாசலில் குந்தியிருந்த காமாயி என்பவளிடம் விசாரித்தான்.

"வூடு தொறந்து கெடக்குதுங்க சாமி. நான் காவலுக்குக் குந்திக்கிட்டா யாரு களை எடுக்கப் போறது? கூலி இல்லாம வரி எங்கேருந்து கட்டுறது? கதவு எப்ப திரும்புறது?"

பூவணன் நேரே வரிமண்டபத்துக்கு நடந்தான். மண்டபத்தின் கொல்லையில் கதவுகள் மலையாகக் குவிந்து கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. இதற்கு ஒரு வரலாறு, அதைக் கேட்க ஒரு சபை! பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினான்.

குறித்த நாளில், வண்டி வண்டியாகக் கதவுகளைக் கொண்டுவந்து சபையில் நிறுத்தினான்.

"அரசே, இதுதான் அந்த மண்டபத்தின் வரலாறு. இதில் சொல்லே இல்லை. ஆகவே கசக்கும் சொல்லும் இல்லை. பொய் இருந்தால் வல்லபராயர் காட்டட்டும்."

வல்லபராயர் துள்ளி எழுந்தார். "இது பாதுகாப்பாக வைத்த பொருள், அரசே! கதவு போனதால் எந்தக் குடிக்கும் நட்டமில்லை!"

"அப்படியா? அப்படியானால் இதையும் பாருங்கள்" என்று பூவணன் கடைசிக் கதவைத் திருப்பினான். யானை செதுக்கிய தேக்குக் கதவு. வல்லபராயர் வீட்டுக் கதவேதான்!

"மண்டபத்துக்கு இவரும் ஒருநாளும் வரி கட்டியதில்லை. உங்கள் வழக்கப்படி செய்யுங்கள் என்று இன்று காலை இவருடைய ஆட்களிடம் சொன்னேன். கதவைக் கழற்றத்தான் அவர்களுக்குப் பழக்கம். யார் வீடு என்று கேட்டுப் பழக்கமில்லை."

"ஐயையோ! வீடு திறந்து கிடக்கிறதே! பெட்டியெல்லாம் போச்சே!" என்று அலறிய வல்லபராயர், தலைப்பாகை விழுந்ததும் தெரியாமல் ஓட்டம் பிடித்தார்.

அரசன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சிரித்தபடியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். பூவணன் சிரிக்கவில்லை, கையும் நீட்டவில்லை.

"மாலை இருக்கட்டும், அரசே. வண்டிகள் வெளியே நிற்கின்றன. பொழுது சாய்வதற்குள் இந்தக் கதவுகள் வீடு போய்ச் சேர வேண்டும். அதுதான் எனக்குப் பரிசு."

"தந்தோம்! மாலையும் உனக்கே. வல்லபராயர் கதவை என்ன செய்வது?"

"ஊர்க் கதவெல்லாம் மாட்டிய பிறகு மாட்டலாம். அதுவரை அவர் வேலைக்கு வர வேண்டாம், அரசே. வீட்டுக்குக் காவல் இருக்கட்டும்."

அரசன் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குமுன் பூவணன் வண்டியில் ஏறிவிட்டான்.