தீராத வயிற்றுவலி

உலகம்மாள் மடத்துக்கு வந்ததே ஒரு கேள்வியோடுதான். ஐம்பது வயதில் சிஷ்யையாகச் சேர வந்தவளைப் பார்த்துச் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். மடத்து வைத்தியசாலையை நடத்திய குருவோ அவளைவிட இளையவர். மாதாஜி என்று எல்லோரும் அழைக்கும் அவர், உலகம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னைப் பெத்தவ வயித்துவலியில போய்ட்டா, மாதாஜி. எனக்கு அப்போ ஏழு வயசு. வலி பொறுக்காம தானே உயிரை மாய்ச்சுக்கிட்டா."

"யாரு சொன்னா?"

"பேப்பர்லயே போட்டிருந்தது. தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலைன்னு. எங்க மாமா சத்தமா வாசிச்சது இன்னும் காதுல நிக்கி. என்ன மருந்து குடுத்திருந்தா அவ பொழைச்சிருப்பா?"

மாதாஜி உரலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல சூரணம் இடிக்கக் கத்துக்கோங்க அக்கா" என்றார்.

கற்றுக்கொண்டாள். ஓமம், சுக்கு, பெருங்காயம் என்று வயிற்றுக்கு ஆகிவந்ததெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. கால் சுளுக்கி வருகிறவனிடமும் முதலில் வயிற்றைப் பற்றித்தான் விசாரிப்பாள். வயித்துவலி அக்கா என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. அதில் அவளுக்குக் கோபமில்லை. பெற்றவளுக்குக் கொடுக்க முடியாததை ஊராருக்காவது கொடுக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள், பாவம்.

தாயின் திதி வந்தது. அன்றைக்கு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள்.

மாதாஜி உள்ளே போய் ஒரு பழைய பேப்பர் கட்டைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டார். ஊர் நூலகத்தில் கழித்துக்கட்டியவை, நாற்பது வருஷத்துக்கு முந்தியவை. மஞ்சளேறிக் கிடந்தன.

"மருந்துப் பொட்டலம் மடிக்கணும். கிழிக்கதுக்கு முன்னால ஒருதடவை வாசிச்சிருங்க."

உலகம்மாள் வாசித்தாள். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்த பிறகு எழுந்து வந்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு பொட்டலமும் மடித்திருக்கவில்லை.

"மாதாஜி, அந்தக் காலத்துல ஏதும் கொள்ளைநோய் வந்துச்சா?"

"ஏன்க்கா?"

"எந்தப் பேப்பரைப் பிரிச்சாலும் வயித்துவலி. சங்கரன்கோவில்ல ஒருத்தி, விருதுநகர்ல ஒருத்தி. எல்லாம் சின்னஞ்சிறுசுக. கல்யாணமாகி வருஷம் திரும்பாததுக."

"ஆம்பிளைங்க?"

"அவங்களுக்குக் கடன் தொல்லைன்னு போட்டிருக்கு. வேலை போயிருச்சுன்னு போட்டிருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "வயித்துவலி ஒருத்தனுக்கும் இல்ல."

"வலிச்சவ செத்துப்போனா. வயித்துலதான் வலிச்சுதுன்னு பேப்பர்காரங்களுக்கு யாரு சொன்னது?"

"போலீசு."

"போலீசுக்கு?"

உலகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா வாசித்த செய்தியில், கணவர் தெரிவித்தார் என்றும் ஒரு வரி இருந்தது. அவள்தான் அதைக் காதில் வாங்காமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

"அப்பா" என்றாள்.

படுக்கையில் கிடந்த அந்த அப்பாவுக்கு அவள்தான் கடைசிவரை கஞ்சி ஊட்டினாள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரைப் பிடித்து உலுக்கிக் கேட்பது? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்துகொண்டு வந்தன.

"அடுப்படியில உக்காந்து அழுவா, மாதாஜி. ஏம்மா அழுதேன்னு கேப்பேன். வயித்துவலிடின்னுதான் அவளும் சொல்லுவா. நானும் நம்பிட்டு விளையாடப் போயிருவேன்."

மாதாஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வலிக்கு மருந்தே கிடையாதா?"

மாதாஜி வாய் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு வாலிபனும் அவன் மனைவியும் உள்ளே வந்தார்கள். அவளுடைய தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை.

"இவளுக்கு வயித்துவலிங்க" என்றான் அவன். "ஒரு மாசமா இதே பாடு."

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழகிய கை தானாகச் சூரண டப்பாவிடம் போனது.

"எந்த இடத்துலம்மா வலிக்கு?"

"அடிவயித்துலங்க" என்றான் அவன்.

"ஒழுங்காச் சாப்பிடுதியா?"

"எங்க சாப்பிடுதா! ராத்திரி தூக்கமும் கிடையாது. ஒரே அழுகை."

பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். உலகம்மாள் டப்பாவைத் திறக்காமல் மாதாஜியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த மருந்தைக் குடுக்கட்டும்?"

"மருந்து இருக்கட்டும் அக்கா. மொதல்ல அந்தத் தம்பியை வெளிய போய் உக்காரச் சொல்லுங்க."