தரகர் மூட்டையும் ஐந்து பித்தளைத் தகடும்

பருந்துமலை அவ்வளவு உயரம். பறந்து ஏறுகிற காக்காய்கூடப் பாதி வழியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கும். அந்த உச்சியில் மடம் வைத்திருந்தாள் வெள்ளையம்மை. சீடராக வந்து சேர்ந்தவர் மாட்டுத் தரகர் மருதப்பர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

பதினைந்தே நாளில் அவருக்கு அலுத்துவிட்டது. ஞானம் வருகிற வழியாக இல்லை, கிளம்புகிறேன் என்றார். இதற்கு முன் ஆறு ஆசான்களிடமும் இதே கதைதான். பதினாறாம் நாள் எங்கும் தங்கியதில்லை.

"தாராளமாப் போங்க தரகரே. மூட்டையை எடுத்துக்குங்க."

அங்கேதான் சிக்கல். வருகிறவர் மூட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது மடத்து வழக்கம். பூட்டில் ஐந்து குழி. க, ச, த, ப, ம என்று பொறித்த ஐந்து பித்தளைத் தகடுகளைச் சரியான வரிசையில் பொருத்தினால்தான் திறக்கும். வரிசையை யாருக்கும் சொல்வதில்லை.

மருதப்பர் உட்கார்ந்தார். தகடுகளை மாற்றினார், திருப்பி மாற்றினார். உச்சிவேளைக்குள் இருநூறு தடவையாவது ஆகியிருக்கும். பூட்டு அசையவில்லை.

மொத்தமே நூற்றிருபது வரிசைதான் என்றாள் அம்மை, கீரை ஆய்ந்துகொண்டே. முதல் குழிக்கு ஐந்து, அடுத்ததற்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, பெருக்கிக்கொள்ளச் சொன்னாள்.

பெருக்கிப் பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. போட்டதையே போட்டிருக்கிறார். எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

"முதல் குழியில ஒண்ணை வச்சு, அதை அசைக்காம விடுங்க. மத்த நாலை மட்டும், இதே மாதிரி ஒவ்வொண்ணா நிறுத்தி மாத்துங்க. இருபத்து நாலுதான் வரும்."

'க'வை வைத்தார். தடவைக்கு ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி எண்ணினார். இருபத்து நாலு கொட்டையும் தீர்ந்தது, திறக்கவில்லை. 'ச'வை வைத்தார், அதுவும் இல்லை. 'த'வை வைத்துப் பத்தொன்பதாவது கொட்டையில் பூட்டு டக்கென்றது.

மூட்டையைத் தோளில் போட்டும் மனசு ஆறவில்லை. எடுத்த எடுப்பில் 'த'வை வைத்திருக்கலாமே, 'க'வோடு மல்லுக்கட்டியதெல்லாம் வீண்தானே என்று குறைப்பட்டார்.

"வீணா? முதல் குழியில 'க' இல்லைன்னு இப்ப அடிச்சுச் சொல்வீங்களா, மாட்டீங்களா?"

"சத்தியமே பண்ணுவேன் தாயி."

"அதே மாதிரி சொல்லுங்க. அந்த ஆறு ஆசான்ல யாருகிட்ட ஞானம் இல்லை?"

மருதப்பர் ஆசானுக்கு ஒன்றாக ஆறு புளியங்கொட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்றைக்கூட 'இல்லை' என்று ஒதுக்க முடியவில்லை. மூட்டையை இறக்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

அம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தகடுகளைக் கலைத்தாள்.

"புது வரிசை வைக்கப்போறேன்," என்றாள். "அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, தரகரே."